எழுத்து எழுத்தாக மரேத்தாவின் வசனம்

செப்டம்பர் 5, செவ்வாய்

நீயே சொல் நோட்டே, காது கேட்காத பிள்ளைக்கு வசனம் வராது என்று ஆண்டவர் எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா? எனக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளை ஞாயிற்றுக்கு இன்னும் ஐந்து வாரம் கூட இல்லை. அன்றைக்கு எங்கள் தீவில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பீடத்தின் முன் நின்று வசனம் சொல்வார்கள். என் தம்பி மகள் மரேத்தாவுக்குப் பதினொரு வயது. ஒரு வருடம்கூட நின்றதில்லை. இன்று பாய் முடையும் இடத்தில் பாஸ்டரம்மா சொன்னாள்: “லெயூத்தா, அவ வெள்ளைக் கவுன் போட்டு முன்வரிசையில உக்காரட்டும். அழகா இருக்கும். அவ வசனத்தை வேற பிள்ளை சொல்லிடும்.”

“ஏன், அவ என்ன பூச்சாடியா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பில்லை. பாஸ்டரம்மா என்பதால் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 7, வியாழன்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். பாட்டு வரிகள் ஓடும் அந்தச் சபைத் திரையில் மரேத்தாவின் வசனம் வர வேண்டும். அவள் கைச்சைகையால் சொல்லச் சொல்ல, திரையில் எழுத்து வர வேண்டும். அச்சடித்த அட்டை போல மொத்தமாக வந்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால் அது அறிவிப்பு. சொல்வதென்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

தம்பி இயோசெஃபா, “அக்கா, விட்டுடேன், ஊரே சிரிக்கும்” என்றான். நான் ஒரு பார்வை பார்த்தேன். உடனே பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்தான். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவள் சொல்லை எந்த ஆணும் தட்டுவதில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 14, வியாழன்

எங்கள் டீச்சர் ஃபிலோமெனாவுக்கு முப்பது வயது. என்னை அத்தை என்கிறாள். அந்தப் பழைய மெஷினுக்கு சி என்கிற கம்ப்யூட்டர் மொழிதான் சரியாம். எழுதினதைத் திரையில் போட ‘புட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சந்தோஷமாக ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அதனிடம் கொடுத்தேன். எல்லாம் ஏணிப்படி மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன! மரேத்தா தலையைச் சாய்த்து வைத்துப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

“அத்தை, புட்ஸ் கொடுத்ததைப் போட்டுட்டு, தானா அடுத்த வரிக்குத் தாவிடும். ஒரு எழுத்தைப் போட்டுட்டு அங்கேயே நிக்க ‘புட்சார்’ வேணும்.”

“முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?”

“நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?”

செப்டம்பர் 21, வியாழன்

புட்சார் பிடிபட்டது. சமையலறையில் மரேத்தாவை வசனம் சொல்ல வைத்து, அவள் கை ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணினேன். அதைப் பங்கிட்டு எழுத்துக்கு எழுத்து நிற்கும்படி எழுதினேன். கடைக்காரி சிலிலா, “எட்டாவது படிச்சவளுக்கு இதெல்லாம் எதுக்குடி?” என்றாள். “நீ ஆறாவது. உனக்குக் கடை எதுக்கு?” என்றேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

பயமாயிருக்கு. முதல் வரியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரை. அப்போதுதான் வெளியே சங்கு ஊதியது. மாலை ஜெப நேரம்! சங்கு ஊதினால் நடப்பவர்கூட அப்படியே உட்கார்ந்துவிடும் நேரத்தில் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். மூடியை டப்பென்று சாத்திவிட்டேன். பெருமைக்காகத்தானே செய்தாய் லெயூத்தா? அதான் ஆண்டவர் எழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். வேற என்ன?

செப்டம்பர் 27, புதன்

உபவாசம். கிட்டப் போகவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

ஃபிலோமெனாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்க ஜெபிப்பேன்.

“அத்தை, இது ஆண்டவர் பண்ணது இல்ல. நீங்க போடற எழுத்தை மெஷின் ஒரு கூடையில சேத்து வெச்சுக்கும். வரி முடிஞ்சாதான் மொத்தமா கொட்டும். முடியறதுக்குள்ள நீங்க மூடிட்டீங்க.”

“எம் புள்ள எழுத்தைப் பிடிச்சு வெச்சுக்க அது யாரு?”

“கொட்டுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஒவ்வொரு புட்சாருக்கும் பின்னால் ‘எஃப்ஃப்ளஷ்’. அவ்வளவுதான். வந்தது! ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. இரண்டு நாள் சோற்றையும் சேர்த்து இன்றைக்கே சாப்பிட்டேன். அதற்குள் மரேத்தா லேப்டாப்பை மடியில் வைத்து, என் வரிக்குக் கீழே தன் பெயரைத் தட்டி வரவைத்துவிட்டாள்.

ஆனாலும் சங்கு நேரத்தில் இனித் தட்ட மாட்டேன். அது வேறு, இது வேறு.

அக்டோபர் 3, செவ்வாய்

ஒத்திகை. பாஸ்டரம்மா, “மெஷின் நடுவுல நின்னுபோனா பிள்ளைக்குத்தானே அவமானம்?” என்றாள்.

“வாயால சொல்ற பிள்ளைங்க நடுவுல நிக்கறதே இல்லையா? போன வருஷம் உங்க பேரனுக்கு மூணு பேர் எடுத்துக் கொடுத்தாங்க.”

பாஸ்டர் இருமினார். பிறகு, “மரேத்தா கடைசியா நிக்கட்டும்” என்றார்.

நிக்கட்டும்னு சொன்னார்! உக்காரட்டும்னு இல்ல!

அக்டோபர் 9, திங்கள்

நேற்று வெள்ளை ஞாயிறு, நோட்டைத் திறக்கவே முடியவில்லை. பிள்ளைகளுக்கு முதல் பந்தி, நாங்கள் பெரியவர்கள் பரிமாறினோம். கால் வீங்கியிருக்கிறது.

மரேத்தா நின்றாள். விசையைத் தானே தட்டிவிட்டு முன்னால் வந்து கையைத் தூக்கினாள். திரையில் எழுத்து வர ஆரம்பித்தது, அவள் கைக்குச் சரியாக. இரண்டாம் வரியில் பின்வரிசைக் கிழவர் ஒருவர் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். அப்புறம் எல்லாரும். அவள் கை போகிற வேகத்தில் மொத்தச் சபையும் படித்தது. இயோசெஃபா குனிந்தபடியே இருந்தான். நான் அழவில்லை. பார்க்க வேண்டியிருந்தது.

பெரியவர்கள் பந்தியில் பாஸ்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பன்றிக்கறியை எனக்கு எடுத்து வைத்தாள். “லெயூத்தா, முடிக்கறப்போ ‘இப்ப கேட்டுச்சா?’ன்னு வந்துச்சே, அது வசனத்துல எங்க வருது? நான் படிச்ச ஞாபகமே இல்லையே.”

“வரும், தேடிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வாயில் கறியைப் போட்டுக்கொண்டேன். அவள் முன்னால் தெரியாது என்று சொல்வேனா?

இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. நான் எழுதிக் கொடுத்தது நாலே வரி. திரையில் வந்தது ஐந்து.