பையில்லாத சட்டை

என்னைத் தனியே விட்டுப்போன என் அம்மாவுக்கு,

புதுச் சட்டைக்குப் பை இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பழக்கத்தில் வலக்கையை இடுப்புக்குக் கொண்டுபோனேன். அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. அப்போதே மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே.

நீங்கள் கண்மூடிய பிறகு மாமி, அப்பாவின் அக்கா, கொட்டாஞ்சேனைக்கு வந்து எங்களோடு இருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியில் பாண் சுற்றிக் கொடுக்கிறேன். மாமி நல்லவர், அம்மா. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

யேசு பிறந்த நத்தாருக்கு ஒன்று, கோயில் திருநாளுக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு சட்டைதான் நீங்கள் எடுப்பீர்கள். துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைக்காரர் அலுத்துப்போன பிறகுதான் வெட்டச் சொல்வீர்கள். நான் வளருவேன் என்று தையல்காரரிடம் கீழ்மடிப்பை அகலமாக விடச் சொல்வீர்கள். எனக்கு அடையாள அட்டை கிடைத்ததும் எல்லாச் சட்டைக்கும் உள்ளே ஒரு பை வைத்து இரட்டைத் தையல் போட்டீர்கள். "கைப்பையை பஸ்ஸில விட்டிட்டு வருவாய். சட்டையை விட்டிட்டு வரமாட்டாய்தானே" என்று சிரித்தீர்கள்.

மாமிக்கு நான் தினமும் போடுகிற, நீங்கள் எடுத்துத் தந்த அந்தப் பழைய நீலச் சட்டையைக் கண்டாலே பிடிக்காது. தாயில்லாப் பிள்ளையை இப்படி வைத்திருக்கிறேன் என்று சனம் கதைக்கும் என்பார். புறக்கோட்டை நடைபாதையில் ஒரே தடவையில் மூன்று சட்டை வாங்கிவந்தார். சனிக்கிழமை காலை நீலத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதிலொன்றை எனக்குப் போட்டுவிட்டார். நான் வேலைக்கு பஸ் ஏறினேன்.

கொள்ளுப்பிட்டியில் பொலிஸார் சோதனைக்கு பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி அட்டையை நீட்டினார்கள். என் கை மறுபடி வழுக்கியது.

"ஐடென்டி எக கோ, நங்கி?"

அட்டை எங்கே தங்கச்சி என்று பொலிஸ்காரி சிங்களத்தில் இரண்டு தரம் கேட்டாள். வீட்டில், நீலச் சட்டையில் என்று சொல்ல எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. சோதிக்கக் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கியதும் கக்கத்தில் தையல் பிரிந்து இடுப்புவரை போனது. ஒரு முறைகூடத் தோய்க்காத சட்டை, அம்மா. பஸ் போய்விட்டது. என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனவுடனேயே எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் ஃபோன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் சொல்லி அனுப்ப, அப்பா துறைமுக வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடிப்போய், அங்கிருந்து வந்தார். கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் எடுத்த நீலச் சட்டையின் பாதி. மாமி அதை வெட்டி நிலம் துடைக்க வாளியில் போட்டிருக்கிறார். உள்ளே பார்க்கவில்லை. பதற்றத்தில் அப்பாவால் பையைத் திறக்க முடியவில்லை. பொலிஸ்காரிதான் விரலை விட்டு அட்டையை எடுத்தாள். பையை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். யார் தைத்தது என்று கேட்டிருப்பாள் போல. "அம்மா" என்றேன். காலையிலிருந்து அதுவரை நான் பேசிய ஒரே சொல் அது.

அட்டையைப் பார்த்து என்னை விட்டுவிட்டார்கள். வீட்டில் மாமி அழுதார். பழந்துணி என்றுதானே வெட்டினேன் என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிழிஞ்சது போகட்டும் பிள்ளை. நாளைக்கு வேற மூண்டு எடுப்பம்" என்றார்.

மூன்று! எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்ல? இத்தனைக்குப் பிறகுமா? அப்பா வழக்கம்போலத் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்கள். ஏன் எனக்கு எல்லாம் பிந்தியே வாயில் வருகிறது?

"வேண்டாம் மாமி. நத்தார் வரட்டும். ஒண்டு போதும், நல்லதா. துணி பார்க்க நானும் வாறன்" என்றேன்.

மாமி அப்பாவைப் பார்த்து, "உன்ர ஊமைக்கு வாய் வந்திட்டுது" என்றார்.

துணியைக் கசக்கிப் பார்ப்பேன், அம்மா. கடைக்காரர் முறைத்தாலும் வெளிச்சத்தில் பிடிப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

பிறகு புதுச் சட்டையின் கிழிந்த கக்கத்தைத் தைத்தேன். ஈரத் துணியிலிருந்து பையை வெட்டி எடுத்துக் காயவைத்து, புதுச் சட்டைக்குள் வைத்து இரட்டைத் தையல் போட்டேன்.

உங்கள் ஒரே மகள்