ஐஸ்கிரீமில் முட்டை இருந்தது

பங்குனி 9, வெள்ளி.
மலைமேல் மூடுபனி. மிளகு காயவில்லை.

நேற்று சேலத்திலிருந்து திரும்பினோம், நானும் என் மகள் பொன்னியும். அடிவாரத்திலிருந்து பாதி ஏற்றம் என் தோளில்தான் வந்தாள். பத்து வயசுப் பிள்ளை, ஆட்டுக்குட்டி கனம் இல்லை. மலைக்காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆகியும் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள்.

டாக்டர் சொன்னது: பால், பழம், எது ஆசையோ அது. "என்னைக்காவது ஒரு நாள் ஐஸ்கிரீம்கூட வாங்கிக் குடுங்க, ஒண்ணும் ஆகாது. தினமும் வேண்டாம். இனிப்பு ஜாஸ்தி, அப்புறம் சோத்தைத் தொடமாட்டா."

எனக்கு இந்த உத்தரவு போதாதா. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கடை. வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். பொன்னிக்கும் அதே. சாக்லெட் நிறம், பிஸ்கோத்துக் கூம்பில் வைத்தது. முழுதும் தின்றாள், கூம்போடு. எத்தனை நாளாயிற்று அவள் ஒன்றை மிச்சம் வைக்காமல் தின்று. கடைக்காரரிடம் கேட்டு மனப்பாடம் செய்தேன்: பால், சர்க்கரை, கோக்கோ, முட்டை மஞ்சள் கரு.

நானும் ஒரு நக்கு. சரி, இரண்டு.

பங்குனி 10, சனி.
வெயில். மிளகு காய்ந்தது. என் மானமும்.

களத்தில் பத்துப் பேர். ஐந்தாம் வகுப்புப் படித்த வாய் சும்மா இருக்குமா. "ஒரு கூம்புல பாலு, சர்க்கரை, முட்டை எல்லாம் இருக்குதுங்க. நம்ம களியில என்ன இருக்குது?" என்று பிரசங்கம். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். மாமனார் மட்டும் மெதுவாக, "ஏனுங் மாப்ள, முளைப்பாரி போட்ட புள்ளைக்கா முட்டை குடுத்தீங்க?"

அப்போதுதான் உறைத்தது. மாரியம்மன் நோம்பிக்குப் போன செவ்வாய் சட்டியில் விதை போட்ட ஏழு பெண் பிள்ளைகளில் பொன்னியும் ஒருத்தி. வருகிற வெள்ளி அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போகும்வரை கறி, முட்டை ஆகாது. காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் கேட்டது அந்தச் சட்டி ஒன்றைத்தான்.

பங்குனி 12, திங்கள்.
பூசாரி வந்தார். தீர்ப்பு: மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தால் தோஷம் கழியும். இல்லாவிட்டால் சட்டி வேறு பிள்ளைக்கு.

வயிறு எரிகிறது. அதே அம்மனுக்கு வெள்ளிக்கிழமை கிடா வெட்டு. கோழிக்குக் கணக்கே இல்லை. வெட்டியதைத் தின்ன பூசாரிதான் முதல் பந்தி. என் பிள்ளை வயிற்றில் போன அரைக் கரண்டி மஞ்சள் கரு மட்டும் ஆத்தாளுக்கு ஆகாதாம். காய்ச்சலில் அவள் எலும்பாய்க் கிடந்தபோது இவர்களில் ஒருவர் ஒரு ஆழாக்குப் பால் கொண்டுவந்தாரா?

பொன்னி சொல்கிறாள்: "நான் இருந்துக்கறேனுங்கப்பா. எனக்குத்தான் பசிக்கறதே இல்லியே."

அதைக் கேட்டபிறகு நான் நானாக இல்லை. "தின்னது அவ வாய். கெடுத்தது என் வாய். நான் கிடக்கறனுங்க" என்றேன்.

பூசாரி: "அப்பன் கிடந்தாலும் செல்லும். தண்ணியத் தவிர ஒண்ணும் படக்கூடாது."

மாமனார்: "மாப்ளயா? பொழுது உச்சிக்கு வார வரைக்கும் தாங்குவாரா பாருங்க."

பங்குனி 13, செவ்வாய்.
காற்று. உச்சிவரை தாங்கினேன். மாமனாருக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன்.

இன்று நான் முகர்ந்தவை: பக்கத்து ஊட்டு அவரைக்குழம்பு. எங்கள் ஊட்டுச் சாமைச்சோறு. யாரோ சுட்ட கிழங்கு.
வீட்டுக்காரி: "ஏனுங்க, பேசாம படுங்க. பேசப்பேசத்தான் பசிக்கும்." முப்பது வருசம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

பங்குனி 14, புதன்.
தலை சுற்றல். கோபம் மட்டும் தெம்பாக இருக்கிறது.

பூசாரி மலைவாழைப்பழம் உரித்துக்கொண்டே வாசல் வழியாகப் போனார். இரண்டு தடவை. மாமனார் வந்து குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். பெண் கொடுத்தவர், என்ன சொல்ல. "பரவால்லீங் மாப்ள" என்றார்.

வயித்தெரிச்சல் இன்னொன்று: இத்தனைக்கும் நடுவில் பொன்னி அரை உருண்டை களிக்குமேல் தின்னவில்லை. நான் கிடப்பது எதற்கு?

பங்குனி 15, வியாழன்.
சாயங்காலம். தூறல். எழுத்து கோணல்.

பொன்னியைக் கூப்பிட்டு, "என் எதுக்க உக்காந்து தின்னு, சாமி. நான் பாக்கோணும்" என்றேன். வட்டிலோடு வந்தாள். களி, கீரை. ஒரு உருண்டை. என் முகத்தையே பார்த்தாள். இன்னொன்று. அம்மாவைக் கூப்பிட்டு மூன்றாவது கேட்டாள்.

"அப்பா, வட்டிலையே பாத்துக்கிட்டிருந்தா எறங்க மாட்டீங்குது. அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். மென்று விழுங்கும் சத்தம்.