லோமாக்ஸுக்குத் திறந்த கதவு

மெம்பிஸ்
அக்டோபர் 9

அன்பு மகள் வெர்லீனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பி ஓடெலும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். இது முழுக்க என் கையெழுத்து, யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. சர்ச்சில் நடக்கும் எழுதப் படிக்கும் வகுப்பில் எழுபத்திரண்டு வயது மாணவன் நான் ஒருவன்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது, ஆனாலும் எழுத எழுதச் சிரிப்பாக வருகிறது.

சிரிக்க முடியாததையும் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஓடெல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மதியம் சமையல் கத்தியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். "அங்க யாரும் இல்லடா, எல்லாம் உன் மண்டைக்குள்ளதான், வெளிய வா" என்று நான் கத்தக் கத்த அவன் தலையைச் சுவரில் முட்டினான். கடைசியில் நீ சொல்லிவைத்தபடி போலீஸுக்குப் போன் செய்து, மனநோய் உள்ளவர்களிடம் பேசப் பயிற்சி எடுத்தவரையே அனுப்புங்கள் என்றேன். கறுப்புப் பையன், கையில் கத்தி, வாசலில் போலீஸ், எப்படி முடியும் என்று உனக்கே தெரியும். வந்தவர் பெயர் லோமாக்ஸ், சட்டையில் அந்தப் பயிற்சிக்கான சின்ன வில்லை. சைரனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். கதவுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, "ஓடெல், உன்னைப் பிடிச்சுட்டுப் போக வரலப்பா. குரல் கேக்குதாமே, என்ன சொல்லுது?" என்றார். என் மகன் பதில் சொல்கிறான்! கொஞ்ச நேரத்தில் இருவரும் கூடைப்பந்து பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி, எனக்கு அவனை வளர்த்த நாற்பத்தொரு வருஷம். "மீன் பிடிக்கிறதைப் பத்திக் கேளுங்க, அதுதான் அவனுக்கு உசுரு" என்று நடுவில் புகுந்தேன். "பெரியவரே, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும்" என்றார். என் வீட்டில், என்னிடம்!

முக்கால் மணி நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது. கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த ஓடெல் என்னைத் திரும்பியும் பார்க்காமல் அவர் காருக்கு நடந்தான். விலங்கு போடவில்லை. நன்றி சொல்ல வேண்டிய நான், "அப்படி என்ன மாயம் வெச்சிருக்கீங்க?" என்றேன். அவர் தயங்கினார். "மாயமெல்லாம் இல்ல ஐயா. கார்ல ஏறுறப்போ உங்ககிட்ட சொல்லச் சொன்னான். அவனைச் சாகச் சொல்ற குரல் உங்க குரல் மாதிரியே இருக்காம். நீங்க வெளிய கத்துனப்போ எது எதுன்னு அவனுக்குப் பிரிச்சுப் பாக்க முடியல" என்றார். அவனுக்கு நோய் வந்த இந்த இருபது வருஷமாக இல்லை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன், என்ன கேட்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை மகளே.

ஞாயிறன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான், வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக லோமாக்ஸ் சொல்லியிருக்கிறார். நேற்று மறுபடி அறையைச் சாத்திக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. "நான் அப்பா. கத்த மாட்டேன். என்ன வேண்டும்?" என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். தாள் திரும்பி வந்தது. "லோமாக்ஸ் வருவாரா?" கிழித்துப் போட்டிருப்பேன். ஆனாலும் கீழே எழுதினேன், "வியாழன் வருவார். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்." தாளை மறுபடி உள்ளே தள்ளினேன். பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. "உங்க எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குப்பா" என்றான். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் கைவிடாமல் காப்பாராக. அவனோடு போனில் பேசும்போது அந்தக் குரலெல்லாம் பொய் என்று சொல்லாதே, கேள். லோமாக்ஸுக்கு நீ நன்றிக் கடிதம் போட வேண்டாம். நானே எழுதுவேன், என் வயிறு ஆறியதும்.

உன் அப்பா
ரூஃபஸ் டாலிவர்