என் மூட்டுவலி நடிப்பல்ல என்பதற்கு இரத்தப் பரிசோதனை கோருதல்

அனுப்புநர்:
மு. கணபதி,
கவ்வாத்துத் தொழிலாளி,
வெள்ளைப்பாறைத் தோட்டம், தெமோதரை.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
பதுளை.

விடயம்: பயணம் போய்த் திரும்பியவனின் நோயைத் தோட்ட மருந்தகம் நடிப்பென்று முடிவு செய்தமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வயதான எனக்கு இப்போது மனைவி ரெங்கம்மாதான் சாரம் கட்டிவிடுகிறாள். விரல்கள் மடங்குவதில்லை. கழிவறையில் குந்தினால் எழுப்பிவிடவும் அவளே வர வேண்டும். தூக்கும்போது என்னைவிட அவள்தான் அதிகம் முனகுகிறாள். என் எடை அப்படி.

2. சென்ற மாதம் திருச்சியில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். அங்கே நுளம்புகள் மாமனுக்குரிய மரியாதையோடு என்னைக் கடித்துக் கவனித்தன. திரும்பிய மூன்றாம் நாள் கடும் காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, பிறகு இந்த வலி. காதுகுத்து வீட்டிலும் பாதிப் பேர் சிக்குன்குன்யாவில் படுத்திருப்பதாகப் பின்னர் அறிந்தேன்.

3. தோட்ட மருந்தகப் பொறுப்பாளர், "வெளிநாடு எங்கயும் போனீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். பொய்யல்ல ஐயா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெளிநாடு என்றால் கட்டார், டுபாய். திருச்சி எங்கள் பூட்டன் புறப்பட்டு வந்த ஊர். அதைப் போய் யார் வெளிநாடு என்பார்கள்? கடவுச்சீட்டு எடுத்தபோதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

4. ஆகவே டெங்கு மட்டும் பார்த்தார்கள். இல்லையென்று வந்தது. காமன் கூத்தில் வருடாவருடம், எரிந்துபோன கணவனுக்காக அழும் ரதியாக நான்தான் வேடம் கட்டுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். "ரதியாட்டம் ஒப்பாரி வைக்காதீங்க கணபதி, நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போயி பேர் குடுத்து வேலைக்கு நில்லுங்க" என்று பனடோல் கொடுத்தனுப்பினார். என் நடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று நான் நடிக்கவே இல்லை.

5. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாததால் வேலைக்குப் போகவில்லை. என்ன நோய் என்று எழுத்தில் கொண்டுவராவிட்டால் வரும் திங்களோடு என் பெயரை வெட்டிவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

6. எனவே திங்களுக்கு முன் சிக்குன்குன்யாவுக்கும் என் இரத்தத்தைச் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். இனி எங்கள் ஆட்களிடம் "வெளிநாடு போனீங்களா" என்பதோடு நிறுத்தாமல், "பிளேன் ஏறினீங்களா" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

தெமோதரை,
10.07.2025

நீட்டிய கால் நீட்டியபடி தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. கணபதி
(கையெழுத்துக் கோணலுக்கும் அதே விரல்களே பொறுப்பு)

பி.கு.: இம்மனுவை வாசித்துக் காட்டியபோது ரெங்கம்மா, "எனக்கும் இதே காச்சல், இதே வலிதான். நீங்க பிளேன் ஏறுறதுக்கு முந்தின வாரமே வந்துருச்சு" என்றாள். தன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்ற கோபத்தில் படுத்திருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் இதுவரை பதுளையைத் தாண்டிப் போனதில்லை.