எல்லோரும் தேறிய கண் பரிசோதனை

இயேசு மரி சூசை துணை

மரக்காணம்,
21 ஏப்ரல் 1977

அன்பு மகள் மரியசெல்விக்கு,

உன்னைப் பெற்றவள் முத்தங்களோடு எழுதிக்கொள்வது. வழக்கமாக "நாங்கள் இங்கே சுகம்" என்றுதான் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. பதறாதே, யாரும் படுத்துக் கிடக்கவில்லை. கடிதத்தை முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு அழ உட்காராதே. அது உன் பழக்கம்.

முதலில் நல்ல சேதி. ஈஸ்டருக்கு வீட்டை வெள்ளையடித்தோம். பூசைக்கு உன் அப்பா நீ வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போல வந்தார். கலியமூர்த்தியின் உப்பு லாரி மெட்ராஸ் வருகிறது, அதில் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன். நாற்றம் என்று வார்டன் கத்தினால் டப்பாவைச் சரஸ்வதியின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. உன் அறைத்தோழிதானே, இதற்குக்கூட உதவ மாட்டாளா? அவளுடைய எக்ஸ்ரே படிப்பு எப்படிப் போகிறது? எக்ஸ்ரே அறையில் நிற்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று யாரோ சொல்லி அவள் அம்மா அழுதாளாமே. சட்டையில் குத்திக்கொள்ளும், கதிரை அளக்கிற பட்டையையும் ஈயம் வைத்த அங்கியையும் ஒரு தரம் அம்மாவுக்குக் காட்டச் சொல். பெற்றவளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் பயம் போகும். படம் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எப்போது எடுக்கக் கூடாது என்றும் தெரிய வேண்டும் என்று அவள் வாத்தியார் சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல வாத்தியார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் உப்பளத்து ஜனங்களின் கண்ணைப் பரிசோதித்து நீ எழுதிய கட்டுரையை உன் மிஸ் பாராட்டினார் என்றும், அதை மே மாதம் பெரிய டாக்டர்கள் முன்னால் வாசிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். இத்தனை வெயிலிலும் உப்பு வெளிச்சத்திலும் வேலை செய்கிறவர்களுக்குப் பார்வை கொஞ்சமும் குறையவில்லை என்பது ஆச்சரியம் என்றாராமே உன் மிஸ். அதை வாசிக்காதே, கண்ணு. அது நிஜம் இல்லை. அதில் உன் அப்பாவின் கண்ணும் சேர்ந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது நடந்த பேச்சு ஞாபகம் இருக்கிறதா? படிப்பு முடியும்போது உனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குப் படித்துக் காட்டினாய். கண்ணாடியின் நம்பரைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். எது கண்ணாடியால் தீராது என்று அடையாளம் கண்டு அந்த ஆளை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பயப்படுகிறவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். இன்னும் என்னென்னவோ. அதோடு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உன் மிஸ் நம் ஊருக்கே வந்து, நீ பரிசோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து மார்க் போடப்போகிறார் என்றாய். இவ்வளவையும் கேட்ட உன் அப்பா, மார்க் என்ற ஒரு வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நம் பங்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் கெட்ட பெயர் வாத்தியாருக்குத்தான். அதனால் கேள்வியையும் பதிலையும் அவரே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அளத்து மேஸ்திரி உன் அப்பா போட்டதும் அதே கணக்குதான். ஜனங்கள் அட்டையைத் தப்பாகப் படித்தால் பாப்பாவுக்கு மார்க் போய்விடும்! நீ பழகிப் பார்ப்பதற்காக வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாயே ஒரு அட்டை, மூன்று கால் எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்குமே, அதை அப்படியே உப்புக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தார். நம் அளத்தில் உப்பு வாருகிற பாப்பாத்திதான் அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்தாள். பிறகென்ன, உப்பு வாருகிறபோதெல்லாம் பாட்டுத்தான். "சீப்பு மேல, சீப்பு கீழ, சீப்பு இந்தாண்ட, சீப்பு அந்தாண்ட." ஜெபமாலை சொல்வது போல ஒரு கூட்டம் தொடங்கும், இன்னொரு கூட்டம் முடிக்கும். மேஸ்திரி பெண்ணுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று எல்லோரும் உயிரைக் கொடுத்துப் படித்தார்கள். நானும்தான் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தவக்காலத்தில் நீயும் மிஸ்ஸும் வந்த அன்று கோயில் மண்டபத்தில் எல்லோரும் அதே அட்டையைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். படிக்க முடியாதவர்களைத்தானே உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டரிடம் அனுப்பினீர்கள்? போனது சடையப்பன் ஒருவன்தான். அவன் மாமனார் ஊரான இரும்பைக்குப் போயிருந்ததால் பாடம் கேட்கவில்லை. உன் அப்பா அவனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். "ஏம்பா, ஒரு பொண்ணு படிச்சி முன்னுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலியா?" என்றார். அவனோ, "தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லுவேன் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டான். இப்போது ஊரில் கண்ணாடி போட்டுக்கொண்டு மினுக்குகிறவன் அவன் ஒருவன்தான். பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிறான்.

நேற்று இதோடு நிறுத்தினேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதுவும் ஒரு சாக்குத்தான். மீதியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளையடித்த பிறகு உன் அட்டையை மறுபடி மாட்டினேன். அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிட்டேன் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஈஸ்டர் அன்று மத்தியானம் பாப்பாத்தி பலகாரம் வாங்கிப்போக வந்திருந்தாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, உன் முன்னால் செய்தது போல உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்த்து ஒப்பிக்க ஆரம்பித்தார். சீப்பு மேலே என்றார். சுவரில் அது கீழே இருந்தது. இந்தப் பக்கம் என்றார். அது அந்தப் பக்கம் இருந்தது. பெரிய எழுத்து அடியில் கிடக்கிறது, அவரோ உச்சியைப் பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். "மேஸ்திரிக்கு விளையாட்டப் பாருக்கா" என்று பாப்பாத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவர் கையை மாற்றி இடது கண்ணை மூடினார். தலையைச் சாய்த்து அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சூசை, அட்டைய தலகீழா மாட்டிட்டியா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பாப்பாத்தி பலகாரத்தை எடுக்காமலே எழுந்து போய்விட்டாள்.

இடது கண்ணில் ஒன்றுமே இல்லை, மரியசெல்வி. போன மழைக்கு முன்னாலிருந்தே இப்படித்தானாம். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் மாதிரி வளையம் தெரியுமாம், அன்றைக்கெல்லாம் தலை பிளக்குமாம். தலைவலித் தைலம் கேட்டபோதெல்லாம் வெயிலால் வந்த வலி என்று சொல்லி வாங்கித் தேய்த்துக்கொண்டார். இப்போது வலது கண்ணும் ஓரங்களில் மங்குகிறதாம். கூட்டத்தில் ஆளைத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்கிறார். உன் கடிதம் வந்தால் முன்பெல்லாம் என் கையிலிருந்து பிடுங்கிப் படிப்பார். இப்போது, "நீ படி, உன் குரல்ல கேட்டா நல்லா இருக்குது" என்பார். நானும் குளிர்ந்துபோய்ப் படித்தேன். மடச்சி நான்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஜூன்ல பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா புள்ள பாஸானதெல்லாம் பொய்யாப் போயிடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். முந்தாநாள்தான் மனசு கேட்காமல் கன்னியர் மடத்து மருந்தகத்துக்குப் போய் லூர்துமேரி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளையம் என்றதும் சிஸ்டர் முகம் மாறிவிட்டது. "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதக் காப்பாத்தணும்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வளையத்துக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டாம்.

அதனால்தான் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அப்பா மடமடவென்று சொன்னபோது நீ பெருமையாகச் சிரித்ததை நான் பார்த்தேன். நீயாவது அந்த அட்டையைத் திருப்பிப் பிடித்திருக்கக் கூடாதா? பிறகு யோசித்தேன், பாவம், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தெரியாத ஆளின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் உன்மேல் உயிரையே வைத்திருந்தால் என்ன செய்வது என்று அந்த அச்சடித்த தாளில் இருக்கிறதா? இல்லையென்றால் உன் மிஸ்ஸிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்.

இந்தக் கடிதத்தை அப்படியே கொண்டுபோய் உன் மிஸ்ஸிடம் காட்டு. வெட்கப்படாதே. மார்க் போகும், போகட்டும். ஒரு வருஷம் பிந்தினால் அடுத்த வருஷம் எழுதலாம். கண்ணுக்கு அடுத்த வருஷம் கிடையாது. ஜனங்களையும் மறுபடி ஒரு தரம் பார்க்கச் சொல்லிக் கேள். பெண்களிடம் நான் பேசிவிட்டேன். பாப்பாத்திக்கு மூன்றாவது வரிக்குக் கீழே எறும்புதான் ஊர்கிறதாம்! ஆனந்தம்மாளுக்குக் கண்ணில் சதை வளர்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. மேஸ்திரி பெண்ணுக்காகத்தானே பேசாமல் இருந்தோம் என்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, திட்டவும் மனசு வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறேன். திண்டிவனம் போய், அங்கிருந்து மெட்ராஸ் பஸ். சாந்தோம் கோயிலுக்கு ஒரு வேண்டுதல், நேர்ச்சை இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன நேர்ச்சை என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் நேர்ச்சை என்றே பேசிக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை நீ பார்க்க வேண்டாம். பெரிய டாக்டர் பார்க்கட்டும். நீ பக்கத்தில் மகளாக நில், அது போதும்.

நீ பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய் அல்லவா? என்ன நிறத்தில் சேலை கட்டி வருவாய் என்று உடனே ஒரு கார்டு போடு. பஸ் நிற்பதற்குள் நான் உன்னைத் தேடிப் பிடித்து, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று அவர் காதில் சொல்லிவிடுவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, பாப்பா என்று கூப்பிட்டுக் கையாட்டுவார். உன்னை முதலில் கண்டுபிடித்தது அவர்தான் என்றே இருக்கட்டும்.

தேவமாதா உன்னைக் கைவிட மாட்டாள். உன் படிப்பையும் அவள் பார்த்துக்கொள்வாள். வரும்போது அழுத முகத்தோடு வராதே, கண்ணு. கிட்டே வந்து அவர் வலது பக்கமாக நில். அப்பா உன்னைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் முகத்தைத் திருப்பாதே.

உன் அம்மா,
சூசைமேரி