இந்த முறை நான் நிற்கிறேன்

இறக்கக்கண்டி,
9.6.1976

அன்புள்ள மகள் குணேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. எங்கள் நலத்தை எழுதிவிட்டு உன் நலத்தைக் கேட்பதுதான் என் வழக்கம். அம்மா போன பிறகு எழுதும் முதல் கடிதம் இது, எங்கள் பக்கத்து நலத்தை எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருந்தால் போதும். பெரியம்மா நேற்று வந்து குசினி அடுப்படியைக் கழுவித் தந்துவிட்டுப் போனா. அம்மாவின் கோழிகள் இன்னும் காலையில் குசினி வாசலில் வந்து நிற்கின்றன, நான் அரிசி போட்டாலும் என்னைக் கண்டு விலகிப் போகின்றன. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஸ்டோர் சாவியை இரண்டு தரம் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன், வேறு சொல்லப் புதினம் இல்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கம்பஸ் மாணவர் சங்கச் செயலாளர் பதவியை விடப் போவதாகவும், 18ஆம் திகதி கூட்டத்தில் விலகல் கடிதத்தைக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தேர்தல், தேர்தல் என்று அலைந்து அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டேன், எனக்கு அந்தப் பதவிக் கதிரை வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். பிழை உன்னுடையது இல்லை, மகள். செத்தவீட்டுக்கு வந்த நீ ஒரு மாதம் இதே வீட்டில் இருந்தும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வராததை இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

ஏப்ரல் நடுவில் அம்மாவுக்கு நெஞ்சுநோவு கூடி, பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். லீவு விட்ட உடனே வா என்று உனக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரை ஒட்டாமல் அலுமாரியில் வைத்திருந்தேன். அந்த நேரம்தான் உன் தபாலட்டை வந்தது. தபால்கார அபூதாஹிர் நானாவை உனக்குத் தெரியும், அட்டை என்றால் வாசல் படலையில் நின்றே வாசித்துவிட்டுத்தான் தருவார். "இந்த முறை நான் நிற்கிறேன். அம்மாவிடமும் சொல்லுங்கள். கோபிக்க வேண்டாம்" என்று நீ எழுதியிருந்தாய். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, மகள் லீவுக்கு வரேல்லையாம், அங்கேயே நிக்கிறாவாம் என்று அம்மாவுக்குச் சொன்னார். நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் நிற்கிறேன் என்றால் தங்குகிறேன் என்பதுதான், வேறு என்ன? தாய் படுத்த படுக்கையில் கிடக்க இவளுக்கு அங்கே என்ன நிற்பு என்று கோபம் வந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது என்பதைக்கூட அந்தக் கோபம் நினைக்க விடவில்லை. எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒருவரும் அவளுக்கு எழுதக் கூடாது என்று பெரியம்மாவுக்கும் சொன்னேன். தந்தி அடித்ததுகூட அம்மா கண்ணை மூடிய பிறகுதான். பிள்ளை வரும்வரை வைத்திருப்போம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவள் வர மாட்டாள், எடுங்கோ என்று சொன்னவன் நான். நீ வந்து படலையடியில் இறங்கும்போது நாங்கள் சுடலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியம்மா உன்னை ஏசிப் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

எட்டாம் நாள் உன் அறைத்தோழி ராசமலர் வந்தாளே, அவள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். எங்கட குணேஸ்வரி தேர்தலுக்கு நிண்டவ மாமா, மாணவியர் சங்கப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து நிக்கவைச்சனாங்கள், ஒரு பெண்பிள்ளை அந்தப் பதவிக்கு நிண்டது இதுதான் முதல்தரம், கூட வோட்டு எடுத்து வெண்டிட்டா என்றாள். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட வார்டனின் அனுமதித் துண்டுக்குக் காத்திருக்க வேண்டிய விடுதி அது, அதை மாற்றத்தான் நீ நின்றாய் என்றும் சொன்னாள். கையில் இருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். அபூதாஹிர் நானா வாசிப்பார், ஊர் முழுக்கத் தெரியும் என்று பயந்துதானே தேர்தல் என்ற சொல்லை நீ எழுதவில்லை. எனக்கும் பயந்திருப்பாய். அப்படிப் பயப்பட வைத்ததும் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்புப் படித்த காலம், இங்கே மாதர் சங்கத்துக்கு அம்மாவைத் தலைவியாக நிற்கச் சொல்லி நான்கு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கு முன்னால எழும்பி நிக்கப் போறியோ என்று நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். அவள் வெளியே போய், நான் நிக்கேல்லை, நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து மீனை வெட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அபூதாஹிர் நானா உன் அட்டையை வாசித்துவிட்டுப் போன அன்று, அம்மா அதை என்னிடம் கேட்டு வாங்கித் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகு தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "நிக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளை வராத மனவருத்தத்தில் சொல்கிறாள் என்று நினைத்து என் கோபம் இன்னும் கூடியது. இப்போது அந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லின் மற்றக் கருத்து என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எதை நினைத்துச் சொன்னாள் என்று போய்க் கேட்க இனி ஏலாது.

அந்த அட்டையை இதோடு வைத்து அனுப்புகிறேன். ஓரத்தில் எண்ணெய் பட்டிருப்பது அம்மாவின் தலையணையால். பத்திரமாக வை. பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவ அழுதா, உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னா. என்னை மன்னிக்க உனக்கு மனம் வரும்போது வரட்டும், நான் கேட்கவில்லை. என் பிழைக்கு நீ பதவியை விட வேண்டாம், அதைத்தான் கேட்கிறேன். இனிமேல் எதையும் தபாலட்டையில் எழுதாதே, உறை போட்டு விளக்கமாக எழுது. இந்தக் கடிதத்தை நானே நிலாவெளிக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன், 18ஆம் திகதிக்கு முன் கிடைக்க வேண்டும்.

கோணேசர் துணை இருப்பார், அம்மாவும் உன் பக்கத்தில்தான் இருப்பாள். அவள் எந்தக் கருத்தில் சொன்னாளோ தெரியாது, அப்பா சொல்வது ஒரே கருத்தில்தான். நில், மகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. முத்துலிங்கம்