மாடிக்குப் போன கடிதம்

12 ஆகஸ்ட் 1943, பிரிக்பீல்ட்ஸ்

ஜப்பான் அதிகாரிக்குப் போகும் கடிதத்தில் அவர்கள் காலண்டர்படி வருஷம் 2603 என்று அடிக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு இருபது வருஷம் டைப் அடித்த இந்தப் பாழாய்ப்போன கை, இன்று 1943 என்று அடித்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் கடிதம் மாடியில் அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது. போன வாரம் இதே தப்புக்கு எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ராமையாவை ஜப்பான் சிப்பாய்கள் எல்லார் முன்னாலும் அறைந்து இழுத்துப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை.

"மேல யாரும் இல்ல சார், நான் எடுத்துட்டு வரேன்" என்று பியூன் அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புச் சுழல்படியில் ஏறினான். பழைய வெள்ளைக்கார ராஜா படத்தைக் கழற்றிய சுவரில் இருக்கும் வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெறுங்கையோடு இறங்கினான். "மேஜை காலி சார். அதிகாரி பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாரு போல."

தூக்கம் வராமல் இந்த நோட்டைத் திறந்தேன். இப்போதுதான் பார்க்கிறேன், மேலே தேதியிலும் அதே 1943.